மாசானம் வாரிய மண்

ஆற்றங்கரைச் சாமியம்மாவிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் பதிலோடு திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. ஏதாவது ஒரு வேலையோடுதான் வருவார்கள். மனசுக்கு நிம்மதி இல்லை என்று போனவரைக் குடிலுக்குக் கூரை மாற்றச் சொன்னாள். மாமியார் கொடுமை தாங்கவில்லை என்று அழுதவளிடம் ஒரு கூடை முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னாள். ஆய்ந்து முடித்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கீரை சாமியம்மாவுக்கு ஆயிற்று.

அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "இந்த வயசுல என்னத்த சாமியம்மா?" என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர்களும் ஒரு கஷ்டம் வந்தால் ஆற்றங்கரைக்குத்தான் வருவார்கள்.

பேச்சி அவளுடைய சிஷ்யை. பெரிதாக உபதேசம் வாங்கியவள் இல்லை. காலையில் வந்து குடிலைப் பெருக்குவாள். குடத்தில் தண்ணீர் கொண்டு வைப்பாள். சாமியம்மா பேசினால் கேட்பாள். பேசாவிட்டால் அதையும் கேட்டுவிட்டுப் போவாள்.

பேச்சியின் இடுப்பில் எப்போதும் மகன் இருப்பான். பெயர் மாசானம். நாலு வயதாகப் போகிறது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடும், மற்றதெல்லாம் மணல். இறக்கிவிட்டதுதான் தாமதம், ஒரு கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மணலுக்குள் போய்விடுவான். பிறகு அவனை எழுப்ப ஆள் வைக்க வேண்டும்.

அவனுக்குத் தெளிவாக வருகிற சொல் மூன்றுதான். அம்மா. தண்ணி. போதும். மற்றதெல்லாம் உளறல்.

"பேச்சின்னு பேரு. பெத்த பிள்ளைக்குப் பேச்சைக் காணோம்," என்று பம்புசெட்டில் துணி துவைக்கிற பெண்கள் சிரிப்பார்கள். பேச்சியும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்ததும் மகன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது கவலைக்கு வேறொரு காரணமும் வந்துவிட்டது. அவள் புருஷனுக்கு ஒரு அண்ணன். குத்தாலம் என்று பெயர். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிள்ளை இல்லை. தம்பி மகன் என்றால் உயிர். ஆவணியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், தாலி கட்டி முடிகிறவரை மாசானத்தைத் தோளை விட்டு இறக்கவே இல்லை. அந்தப் பாசத்தில்தான் சொன்னார். பாசத்தில் சொன்னதால்தான் பேச்சியால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

"விஜயதசமிக்கு வாரேன். அரிசியில பிள்ளை கையைப் பிடிச்சு எழுத வைப்போம். விரல் வளைஞ்சா உங்ககிட்டயே இருக்கட்டும். வளையலைன்னா டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். மண்ணுல கிடந்து மண்ணாப் போக நான் விட மாட்டேன்."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் அவள் புருஷன். அவன் அண்ணன் சொல்லை மீறியதே இல்லை.

மறுநாள் காலை பேச்சி துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"தாயே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இந்தப் பய எப்ப மணலை விட்டு எந்திரிப்பான்?"

சாமியம்மா கீழே கிடந்த கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுல மணலை அள்ளிக் கவுத்து வச்சுட்டு வா. இடியாம நிக்கணும்."

"அவ்வளவுதானா தாயே?"

"அவ்வளவுதான்."

பேச்சி போய் மணலை அள்ளிக் கவிழ்த்தாள். கொட்டாங்கச்சியைத் தூக்கியதும் பொலபொலவென்று சரிந்தது. சரி, காய்ந்த மணல் என்று தண்ணீரை மொண்டு ஊற்றினாள். இந்தத் தடவை கூழாக வழிந்தது. சேலை முந்தி நனைந்ததுதான் மிச்சம். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். மாசானம் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை தெரியாத சித்தாளைக் கொத்தனார் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மேலே இருந்த காய்ந்த மணலைப் புறங்கையால் ஒதுக்கினான். மணிக்கட்டு வரைக்கும் தோண்டி, அடியில் இருந்த குளிர்ந்த மணலை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தான். திருப்தி இல்லை போலிருக்கிறது. விரலைத் தண்ணீரில் முக்கி அதன் மேல் சொட்டினான்.

"போதும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கொட்டாங்கச்சியில் திணித்தான். உள்ளங்கையால் தட்டினான். கவிழ்த்தான். கொட்டாங்கச்சியின் முதுகில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மெல்லத் தூக்கினான்.

இட்லி மாதிரி நின்றது.

பேச்சி குடிலுக்குத் திரும்பினாள்.

"நிக்குதா?" என்றாள் சாமியம்மா.

"நிக்குது தாயே. ஆனா நான் வைக்கல. அவன் வச்சது."

"அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலையே."

சாமியம்மா தலையை ஆட்டினாள். பேச்சிக்கு அது போதவில்லை.

"அது நின்னு என்ன தாயே புண்ணியம்? அது 'அ' இல்லையே."

சாமியம்மா சிரித்துவிட்டாள்.

"இல்லைதான்," என்று சொல்லிவிட்டு விளக்குக்குத் திரி திரிக்கப் போய்விட்டாள்.

நவராத்திரி பிறந்தது. ஊரில் கொலு வைத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள். பேச்சி தன் பங்குச் சுண்டலை அப்படியே மாசானத்திடம் கொடுத்துவிட்டாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஆற்றுக்கு வந்து போனாள்.

ஒருநாள் மாசானம் மணலில் ஊற்றுத் தோண்டினான். ஒற்றை விரலைக் குத்தி வைத்துச் சுற்றுகிறான், சுற்றுகிறான், அப்படிச் சுற்றுகிறான். குழி அகலமாகி அடியில் தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் கொட்டாங்கச்சி இட்லிகள் வரிசையாக நின்றன.

"அவன் விரல் என்ன செய்யுது?" என்றாள் சாமியம்மா.

"சும்மா சுத்துது தாயே."

"சும்மாவா?"

பேச்சி திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மாசானம் ஒரு கை மணலை வாரி அந்த இட்லிகள் மேல் தூவினான்.

"நல்லாலு," என்றான். அடுத்ததற்கும் தூவினான். "நல்லாலு."

கரையில் படுத்திருந்த நாய்க்கும் போட்டான். அது உடம்பை உதறிவிட்டு மறுபடி அங்கேயே படுத்துக்கொண்டது. அம்மா முதுகில் ஒரு பிடி விழுந்தது. "நல்லாலு!"

"சும்மா கிட சனியனே! ஜாக்கெட்டுக்குள்ள போகுது," என்று பேச்சி உதறினாள்.

"என்ன சொல்லுதான்?" என்றாள் சாமியம்மா.

"என்னமோ உளறுதான் தாயே. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இதே உளறல்தான். யாருக்குத் தெரியும்?"

"நீதானே அம்மா?"

பேச்சி ஜாக்கெட்டை உதறுவதை நிறுத்தினாள். உச்சந்தலையில் குட்டு வாங்கின மாதிரி இருந்தது. எதற்குக் குட்டு என்பது மட்டும் புரியவில்லை.

மறுநாள் அவள் ஆற்றுக்கு வரவில்லை. சந்தையில் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு மகனை மடியில் உட்கார வைத்தாள். அவன் கைக்குள் குச்சியைத் திணித்து, அவன் கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்தாள்.

"அ. சொல்லு. அ."

அவன் விரல் விறைத்துக்கொண்டது. குச்சி ஒடிந்தது. வேறு குச்சி கொடுத்தாள். அதுவும் ஒடிந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். அழுதுகொண்டே மறுபடி பிடித்தாள். ரெண்டு பேர் கையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், சிலேட்டில் விழுந்தது என்ன எழுத்து என்று சரஸ்வதிக்கே தெரிந்திருக்காது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் அவன் அழக்கூட இல்லை. மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோற்றை ஊட்டினால் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக வயிறு நிறைந்ததும் கையைத் தட்டிவிட்டு "போதும்" என்பான். இப்போது போதும் என்றும் சொல்லவில்லை. தண்ணி என்று கேட்கவில்லை. அம்மா என்று கூப்பிடவும் இல்லை.

சரஸ்வதி பூஜை அன்றைக்குக் காலையில் பேச்சி அவனைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். சாமியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"தாயே! இருந்த மூணு சொல்லும் போச்சு. அம்மான்னுகூட கூப்பிட மாட்டேங்கான். நாளைக்கு அத்தான் வந்துருவாரு. நான் என்ன செய்வேன்?"

"எங்க தொலைச்ச?"

"வீட்டுல. சிலேட்டை வச்சு..."

"அதுக்கு முந்தி எங்க கிடைச்சுது?"

பேச்சி ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்ன எதுக்கு இன்னும் இடுப்புலயே வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டுச் சாமியம்மா மறுபடி தெளிக்க ஆரம்பித்தாள்.

பேச்சி இறக்கிவிட்டாள். மாசானம் மணலின் ஓரத்தில் நின்றான். அழைப்பில்லாமல் விசேஷ வீட்டுக்கு வந்தவன் மாதிரி உள்ளே போகாமல் நின்றான். வெகுநேரம் கழித்து ஒரு காலை வைத்தான். பிறகு உட்கார்ந்தான். மணலை அள்ளுவதும் விரலிடுக்கில் ஒழுக விடுவதுமாக இருந்தான். எதுவும் கட்டவில்லை. வெயில் ஏறியது. பேச்சி கரையில் இருந்த புன்னைமரத்துக்குப் பின்னால் நின்றாள்.

"தண்ணி," என்றது மணலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குடத்தை எடுக்க ஓடினாள்.

விஜயதசமி விடிந்தது. குத்தாலம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் தன் கடையிலிருந்தே கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளம். அதில் பச்சரிசி குவித்து, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு வைத்திருந்தது. பேச்சியின் புருஷன் தேங்காய் பழத்தோடு பின்னால் வந்தான்.

"சாமியம்மா கையாலயே எழுத வைக்கணும்னு பேச்சிதான் ஒத்தக்கால்ல நின்னா," என்றார் குத்தாலம். "சின்ன வயசு சாமியா இருந்தாலும் சாமி சாமிதானே!"

"வாங்க அண்ணாச்சி," என்றாள் சாமியம்மா.

"பய எங்க? மண்ணுலதானே? எனக்குத் தெரியும். ஏலே மாசானம்! யாரு வந்திருக்கா பாரு!"

மாசானம் நிமிர்ந்து பார்த்தான். முகம் அப்படியே மலர்ந்தது. ரெண்டு கையாலும் மணலை வாரிக்கொண்டு ஓடி வந்தான். பேச்சிக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அது நடந்தும் விட்டது. என்னவோ கத்திக்கொண்டே அத்தனை மணலையும் பெரியப்பா மேல் வீசினான். முகத்தில், சட்டையில், தாம்பாளத்து அரிசியில் எல்லாம் மண்.

பேச்சியின் புருஷன் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

அந்தப் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றுவது என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. சொத்தைப் பறிகொடுத்தவர்கள், வயிறெரிந்தவர்கள், வேறு கதி இல்லாமல் கடைசியாகச் செய்வது அது. நீ நாசமாகப் போ என்று அர்த்தம். அதற்கு மேல் சாபம் கிடையாது. அதுவும் ஒரு நல்ல நாளில், பிள்ளை இல்லாத மனுஷன் மேல்.

குத்தாலம் கண்ணைத் துடைத்தார்.

"மண்ணை வாரித் தூத்திட்டானே! யாரு சொல்லிக் கொடுத்தா இவனுக்கு?"

"ஐயோ அத்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது..."

"தெரியாதுதான். நல்லது எது, கெட்டது எதுன்னு தெரியாமத்தான் வளருதான். போதும் பேச்சி. எழுதவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். துணிமணியை எடுத்து வை. இப்பவே கூட்டிட்டுப் போறேன். மண்ணு கண்ணுலயே படாத இடத்துல வச்சு வளக்குறேன்."

பேச்சி புருஷனைப் பார்த்தாள். அவன் தேங்காயைப் பார்த்தான்.

யார் மேல் கோபம் என்று தெரியாமல், மகன் மேல் கையை ஓங்கினாள். ஓங்கின கையைச் சாமியம்மா பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விட்டுவிட்டு, மாசானத்தின் முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"எனக்கும் போடு," என்றாள்.

மாசானம் பெரியவர்கள் முகங்களைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. சாமியம்மா தலையை நிமிர்த்தவில்லை.

அவன் திரும்பி மணலுக்குப் போனான். ஈர மணலைத் தொடவில்லை. மேலாக இருந்த வெளுத்த மணலை எடுத்தான். அதில் கிடந்த ஒரு சுள்ளியைப் பொறுக்கி எறிந்தான். வலது கையில் மணலை ஏந்தி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்தான். பெரிய மனுஷன் நடக்கிற நடை. வந்து, குனிந்த தலையில் மெல்லத் தூவினான்.

"நல்லாலு," என்றான்.

சாமியம்மா குனிந்தபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, இவனைக் கடைசியா எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"எங்க? ஆவணியில ஒரு கல்யாண வீட்டுக்கு. தோள்ல வச்சிருந்தேன்."

"கெட்டிமேளம் கொட்டும்போது இவன் கையில என்ன கொடுத்தீங்க?"

குத்தாலம் தாம்பாளத்து அரிசியைப் பார்த்தார். "அட்சதை," என்றார்.

"போடும்போது என்ன சொல்லச் சொன்னீங்க?"

அவர் உதடு அசைந்தது. பேச்சிக்கு அது என்ன சொல் என்று தெரிந்தது. 'நல்லாரு.' கல்யாண வீட்டில், தோளில் இருந்த பிள்ளையிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. நல்லாருன்னு சொல்லிப் போடுலே. நல்லாருன்னு சொல்லிப் போடு.



குத்தாலம் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வெள்ளை வேட்டி மண்ணில் புரள, பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

மாசானம் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தான்.

"நல்லாலு."

மறுபடி போனான். மறுபடி வந்தான்.

"நல்லாலு."

குத்தாலத்தின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அவர் தலையைச் சுற்றி வந்து பார்த்தான். கொட்டாங்கச்சி மணலைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"போதும்," என்றான்.

அவர் அழுகையோடு சிரித்துவிட்டார். எழுந்தபோது முகத்தை மட்டும்தான் துடைத்தார். தலையைத் தட்டிவிடவில்லை.

"பேச்சி, பய இங்கயே இருக்கட்டும்மா. நான் அடுத்த விஜயதசமிக்கு வாரேன்," என்றார். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தார். "ஆனாலும் நாளும் அதுவுமா வந்துட்டு எழுத வைக்காமப் போகலாமா? அரிசியில மண்ணு விழுந்துட்டே."

பேச்சிக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. எங்கே அவர் மனசு மாறிவிடுமோ. குடிலுக்குள் ஓடிச் சுளகை எடுத்து வந்தாள். தாம்பாளத்து அரிசியை அதில் கொட்டினாள்.

"இந்தா, ஒரு நிமிசம் அத்தான். மண்ணைப் புடைச்சு, மிச்சத்தைப் பொறுக்கி எறிஞ்சுட்டாச் சுத்தமாயிரும். ஒரே நிமிசம்."

அவசரமாகப் புடைத்தாள். கீழே வைத்துப் பொறுக்க ஆரம்பித்தாள். மாசானம் வந்து எதிரில் உட்கார்ந்தான். சுளகின் ஓரத்தில், அரிசியும் மண்ணும் கலந்து கிடந்த இடத்தில், ஒரு விரலைக் குத்தி மெல்லச் சுற்றினான்.

"கையை எடுலே," என்று பேச்சி அவன் விரலைத் தட்டிவிடப் போனாள்.

சாமியம்மா பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் முடியில் மணல் அப்படியே இருந்தது.

"பேச்சி."

"தாயே?"

"இதுல எது அட்சதைன்னு பாத்துப் பொறுக்கு."

மண்ணைப் பொறுக்கி எறியப் போன பேச்சியின் விரல் சுளகுக்கு மேலேயே நின்றது.